ஒரு நாள் என்றால் எத்தனை மணி? டாஸ்க்குகளுக்கு எஸ்டிமேட் போடுவது பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான்: எட்டுப் பேர் உள்ள ஒரு டீம், இதுவரை எக்செல் தாளில் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தது. இப்போது ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருளுக்கு மாறியிருக்கிறார்கள். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் நேர மதிப்பீடு போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மணியில் போடுவதா, நாளில் போடுவதா? பெரிய டாஸ்க்குக்கா, அதன் கீழுள்ள சப்டாஸ்க்குக்கா? நடுவில் மாற்றலாமா? போட்டுப் பார்த்தால் மொத்தக் கூட்டல் ஏன் எப்போதும் தப்பாக வருகிறது?

எஸ்டிமேட் ஃபீல்டை எங்கே ஆன் செய்வது என்பது இரண்டு நிமிட வேலை. ரெட்மைன் என்ற மென்பொருளில் அந்த ட்ராக்கருக்கு (டாஸ்க்கின் வகைக்கு) எஸ்டிமேட் ஃபீல்ட் டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலவான நேரத்தையும் பதிய வேண்டுமென்றால் அந்த ப்ராஜெக்ட்டில் டைம் ட்ராக்கிங் மாட்யூலை ஆன் செய்ய வேண்டும். ஜிரா என்ற மென்பொருளில் டைம் ட்ராக்கிங் ஃபீல்டை ஸ்க்ரீனில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. அந்தக் கட்டத்துக்குள் ஆளுக்கொரு அர்த்தத்தில் எண் போட்டால் எந்த மென்பொருளாலும் அதைக் கூட்டித் தர முடியாது.

முதலில் அலகு. சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு டீமில் ஒரே மதியத்தில் உட்கார்ந்து நாற்பது டாஸ்க்குக்கு எஸ்டிமேட் போட்டோம். சிலது 4, சிலது 8, சராசரி 6 மணி. மொத்தம் 240 மணி வர வேண்டும். ரிப்போர்ட்டைத் திறந்தால் 4 மணி என்று காட்டியது. எல்லோரும் வெறும் எண்ணை மட்டும் தட்டியிருந்தோம். மென்பொருள் அதை நிமிடமாக எடுத்துக்கொண்டிருந்தது. "அப்போ இன்னைக்கு சாயங்காலமே முடிஞ்சிடுமே" என்று ஒருவர் சிரித்தார். நாற்பதையும் திறந்து ஒவ்வொன்றாகத் திருத்தியவன் நான்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜிராவில் இதற்கென்று அட்மின் பக்கத்தில் மூன்று அமைப்புகள் உண்டு: ஒரு நாளுக்கு எத்தனை மணி, ஒரு வாரத்துக்கு எத்தனை நாள், அலகு போடாவிட்டால் எதுவாக எடுத்துக்கொள்வது. வழக்கமாக முதல் இரண்டும் 8, 5 என்றிருக்கும். மூன்றாவது நிமிடம் என்றிருக்கும். அதை முதல் நாளே மணி என்று மாற்றிவிடுங்கள். எஸ்டிமேட் கட்டத்தில் ஒரு நாள் என்று போட்டால் அது 8 மணி, ஒரு வாரம் என்றால் 40 மணி. கிட்லேப் என்ற இன்னொரு மென்பொருளில் மாதம் என்ற அலகும் இருக்கிறது. அங்கே ஒரு மாதம் என்றால் 4 வாரம், அதாவது 160 மணி. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் மாதத்துக்கு 20 நாள் என்று வைத்திருப்பார்கள். சுற்றி வந்தால் அதுவும் அதே 160 தான்.

இங்கேதான் பல டீம்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்யப் போய் மாட்டிக்கொள்கின்றன. "யாரும் எட்டு மணி நேரமும் டாஸ்க்கில் உட்காருவதில்லை, மீட்டிங், மெயில் போக ஆறு மணிதான் மிஞ்சும், அதனால் ஒரு நாளை 6 மணி என்று மாற்றிவிடுவோம்." எண்ணம் சரி, இடம் தப்பு. ஜிரா எஸ்டிமேட்டை உள்ளே நொடிகளாகத்தான் வைத்திருக்கிறது. நேற்று 3 நாள் என்று நீங்கள் போட்ட டாஸ்க் உள்ளே 24 மணிதான். இன்று ஒரு நாளை 6 மணி ஆக்கினால் அதே டாஸ்க் 4 நாள் என்று காட்டும். யாரும் தொடாத டாஸ்க் ஏன் நீண்டது என்று அடுத்த மீட்டிங்கில் அரை மணி நேரம் போகும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் இதைவிட நுட்பமான பொறி: அங்கே "ஒரு நாள் என்றால் எத்தனை மணி" என்ற ஆப்ஷன் தனி, வேலை நேரக் காலண்டர் தனி. காலண்டரை 6 மணியாகக் குறைத்துவிட்டு ஆப்ஷனை 8 என்றே விட்டால், ஒரு நாள் டாஸ்க் இன்றைக்கு 6 மணி, நாளைக்கு 2 மணி என்று இரண்டு நாளில் போய் உட்காரும்.

என் முடிவு இது: மாற்று விகிதத்தைத் தொடாதீர்கள், 8 இருந்தால் 8 ஆகவே இருக்கட்டும். எஸ்டிமேட்டை எல்லோரும் மணியில் மட்டும் போடட்டும், நாளே வேண்டாம். ஆறு மணிதான் கிடைக்கும் என்ற உண்மையை, ஒரு ஆளுக்கு இந்த வாரம் எத்தனை மணி வேலை கொடுக்கலாம் என்று கணக்கிடும் இடத்தில் வையுங்கள். வாரத்துக்கு 40 மணிக்குப் பதில் 28, 30 என்று நிரப்புங்கள். இரண்டு இடத்திலும் குறைத்தால் ஒரே கழிவை இரண்டு முறை கழித்தவர்களாவீர்கள்.

அடுத்தது, உழைப்பும் காலமும். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் எஸ்டிமேட்டில் நான் பார்த்த மிகப் பெரிய குழப்பம். ஒரு வேலைக்கு 6 மணி உழைப்பு போதும்; ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு கோப்பு வர இரண்டு நாள், ரிவ்யூ செய்பவர் கைக்குப் போக ஒரு நாள். ஆக, உழைப்பு 6 மணி, காலம் நான்கு நாள். எஸ்டிமேட் கட்டத்தில் முதலாவதைப் போடுங்கள். இரண்டாவதைத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி சொல்லட்டும். "எப்போ முடியும்?" என்று கேட்டால் தேதியைச் சொல்லுங்கள், "எவ்வளவு வேலை?" என்று கேட்டால் மணியைச் சொல்லுங்கள். மேனேஜர் தேதியைக் கேட்க, டெவலப்பர் மணியைச் சொல்ல, அந்தப் பதில் டெட்லைனாக மாறிய கதை ஒவ்வொரு டீமிலும் ஒன்றாவது இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் இந்தப் பிரிவினையை ஒரு சூத்திரமாகவே வைத்திருக்கிறது: உழைப்பு = காலம் × ஆள். இவற்றில் எது மாறக்கூடாது என்பதை டாஸ்க்கின் வகை சொல்லும். 40 மணி வேலை, ஒரு ஆள் என்றால் ஐந்து நாள். உழைப்பு மாறாதபடி வைத்துவிட்டு இன்னொருவரைச் சேர்த்தால் மென்பொருள் இரண்டரை நாள் என்று சொல்லும். செங்கல் சுமக்கிற வேலைக்கு அது பொருந்தலாம். பாதி எழுதிய புரோகிராமைப் புரிந்துகொள்ளவே புது ஆளுக்கு ஒரு நாள் வேண்டும், அதை விளக்க பழைய ஆளுக்கு அரை நாள். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் துறை முன்னோடி ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். சூத்திரத்துக்கு அது தெரியாது. பயிற்சி வகுப்பு, மீட்டிங், காத்திருப்பு போன்ற, எத்தனை பேர் வந்தாலும் நீளம் மாறாத வேலைகளுக்குக் காலம் மாறாத வகையைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: அதே மென்பொருளில் கால அளவின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி தெரிந்தால் பயப்பட வேண்டாம், "இது உத்தேசம்தான், இன்னும் யாரும் உறுதி செய்யவில்லை" என்று பொருள். எனக்குப் பிடித்த குறி அது. எல்லா மென்பொருளிலும் இருந்திருக்கலாம்.

மொத்தக் கூட்டல் தப்பாக வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். பத்தில் ஒன்பது தடவை காரணம் ஒன்றுதான். தாய் டாஸ்க்குக்கு முதலில் 20 மணி போட்டிருப்பீர்கள். பிறகு அதை உடைத்து 8, 6, 6 என்று மூன்று சப்டாஸ்க் ஆக்கியிருப்பீர்கள். மேலே இருந்த 20-ஐ யாரும் அழித்திருக்க மாட்டார்கள். சப்டாஸ்க்கையும் சேர்த்துக் காட்டு என்று கேட்டால் ஜிரா 40 என்று காட்டும். ரெட்மைனும் தாயின் எஸ்டிமேட் 20, மொத்தம் 40 என்று இரண்டையும் காட்டும். ஓபன்ப்ராஜெக்ட் என்ற மென்பொருளில் சிக்மா குறியோடு பக்கத்தில் வரும் எண்ணும் தாயின் சொந்த மணியையும் பிள்ளைகளின் மணியையும் கூட்டியதுதான். மென்பொருளின் பார்வையில் இது பிழையே இல்லை. தாய் டாஸ்க்குக்கென்று தனியாக 20 மணி வேலை இருக்கிறது என்று நீங்கள் சொன்னதாக அது எடுத்துக்கொள்கிறது.

ஆகவே டீமுக்கு ஒரே விதி: எண் கடைசி மட்டத்தில்தான் இருக்கும். உடைக்காத வரை தாய் டாஸ்க்கில் உத்தேசமாக ஒரு எண் இருக்கலாம். உடைத்த அன்றே மேலே இருப்பதை அழித்துவிட வேண்டும். ஒருங்கிணைப்பு, கடைசிச் சரிபார்ப்பு என்று தாய் மட்டத்தில் உண்மையிலேயே வேலை இருந்தால் அதற்கும் ஒரு சப்டாஸ்க் போட்டுவிடுங்கள்.

அழிப்பது என்றால் காலியாக விடுவது, பூஜ்யம் போடுவது இல்லை. காலி என்றால் இன்னும் யோசிக்கவில்லை, பூஜ்யம் என்றால் யோசித்துப் பார்த்தேன், வேலையே இல்லை. இரண்டையும் கலந்துவிட்டால் எஸ்டிமேட் இல்லாத டாஸ்க்குகளைத் தேடி எடுக்க வழியே இருக்காது. இதே காரணத்துக்காக அந்த ஃபீல்டைக் கட்டாயமாக்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. டாஸ்க்கை உருவாக்கும்போதே எண் கேட்டால், அவசரத்தில் ஒரு பிழையை (பக்) பதிய வந்தவர் வாய்க்கு வந்ததைப் போட்டுவிட்டுப் போவார். அதற்குப் பதில், எஸ்டிமேட் காலியாக இருப்பவை என்று ஒரு ஃபில்டர் சேமித்து வையுங்கள், வாரம் ஒரு முறை அதைத் திறந்து டீமாக உட்கார்ந்து நிரப்புங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் "வேலைக்குத் தயார்" என்ற நிலைக்கு நகர்த்தும் இடத்தில் அந்தச் சோதனையை வைக்கலாம்.

நடுவில் மாற்றலாமா? இதற்கு ஒரு டாஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். "பில் பிரின்ட்டில் வரி விவரம் சேர்க்க வேண்டும்." செய்யப் போகிறவர் 12 மணி என்று போட்டார். செவ்வாய்க்கிழமை 5 மணி வேலை செய்து பதிந்தார். மென்பொருள் தானாகவே மீதி 7 மணி என்று காட்டும். ஆனால் அந்த 5 மணியில் அவர் கண்டுபிடித்தது, பிரின்ட் டெம்ப்ளேட் மூன்று இடத்தில் நகல் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, மூன்றையும் திருத்த வேண்டும் என்பது. உண்மையில் இன்னும் 10 மணி ஆகும். இப்போது அவருக்கு மூன்று வழி. ஒன்று, பேசாமல் 7 என்றே விட்டுவிடுவது. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் அதிர்ச்சி. இரண்டு, முதலில் போட்ட 12-ஐ 15 ஆக்குவது. கணக்கு நேராகிவிடும், ஆனால் முதலில் எவ்வளவு என்று நினைத்தோம் என்பது மறைந்துவிடும். மூன்று, 12-ஐத் தொடாமல் மீதி நேரத்தை மட்டும் 10 என்று மாற்றுவது. இந்த மூன்றாவதுதான் சரி. முதல் எஸ்டிமேட் 12, செலவு 5, மீதி 10 என்று மூன்று எண்ணும் தனித்தனியாக நிற்கும்போது ஆகப்போவது 15 என்று தெரிகிறது, 3 மணி தப்பியது என்பதும் தெரிகிறது, எந்த நாளில் தெரிந்தது என்பதும் ஹிஸ்டரியில் இருக்கிறது.

முதல் எஸ்டிமேட்டை மாற்றும் நியாயமான சந்தர்ப்பம் ஒன்றுதான், வேலையே மாறியிருக்க வேண்டும். வரி விவரத்தோடு புது லோகோவும் வேண்டும் என்று நடுவில் கேட்டால் அது வேறு வேலை. அப்போதும் மாற்றுவதைவிடத் தனி டாஸ்க் போடுவது நல்லது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் தொடங்கும் முன் பேஸ்லைன் (முதல் திட்டத்தின் நகல்) எடுத்து வைப்பது இதற்காகத்தான். ஒரு திட்டத்துக்கு 11 பேஸ்லைன் வரை வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டுக்கு மேல் பயன்படுத்தியதில்லை.

எத்தனை சதவீதம் முடிந்தது என்ற கட்டத்தைக் கையால் நிரப்பச் சொல்லாதீர்கள். கேட்டால் எல்லோரும் 90 என்பார்கள், மூன்று வாரம் 90 ஆகவே இருக்கும். "இன்னும் எத்தனை மணி?" என்று கேட்டால் மனிதர்கள் கொஞ்சம் நேர்மையாகப் பதில் சொல்கிறார்கள், ஏனென்று எனக்கும் தெரியாது. ஓபன்ப்ராஜெக்ட்டில் மொத்த வேலை 12, மீதி 3 என்று போட்டால் 75 சதவீதம் என்று அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

சரி, அந்த முதல் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய டாஸ்க்கைப் பார்த்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. 16 மணிக்கு மேல் வந்தால் உடையுங்கள். உடைக்கும்போதுதான் டெஸ்டிங், ரிவ்யூ, டேட்டா மாற்றம் என்று மறந்த வேலைகள் வெளியே வரும். எஸ்டிமேட் தப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் தெரிந்த வேலையைக் குறைத்து மதிப்பிட்டது கிடையாது, பட்டியலிலேயே இல்லாத வேலை. உடைக்கவும் முடியவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால் எஸ்டிமேட் கேட்காதீர்கள். "8 மணி நேரம் தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு டாஸ்க் போட்டு, அந்த 8 மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், செய்யப் போகிறவர்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் எண்ணை முதலில் வாயால் சொல்லக்கூடாது. "இது ரெண்டு மணி நேர வேலைதானே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் வரும் எண்கள் எல்லாம் இரண்டைச் சுற்றியே வரும். ஜேம்ஸ் கிரெனிங் 2002-ல் எழுதிய பிளானிங் போக்கர் முறையில் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்புவது இதைத் தவிர்க்கத்தான். ஒருவர் 3, இன்னொருவர் 13 காட்டினால் சராசரி எடுக்காதீர்கள்; 13 போட்டவரிடம் கேளுங்கள். அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கும்.

ஒற்றை எண் சொல்லத் தயங்குகிற டாஸ்க்குக்கு மூன்று எண் கேளுங்கள். 1958-ல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறை இது. எல்லாம் நன்றாக நடந்தால் 4 மணி, வழக்கமாக 7, எல்லாம் கெட்டால் 22. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்: 4 + 28 + 22 = 54, எஸ்டிமேட் 9 மணி. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஆறால் வகுத்தால் 3. அது ஏறக்குறைய எவ்வளவு தள்ளிப் போகலாம் என்பதன் அளவு.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இப்படி ஒன்பது டாஸ்க் இருந்தால் மொத்தம் 81 மணி. பாதுகாப்புக்கு ஒவ்வொன்றிலும் 3 மணி கூட்டினால் 27 மணி உபரி. ஆனால் ஒன்பதும் ஒன்றையொன்று சாராதவை என்றால் சிலது நீளும், சிலது குறையும். அந்த 3 மணி விலகலை நேராகக் கூட்டக்கூடாது, வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 3-இன் வர்க்கம் 9, ஒன்பது டாஸ்க்குக்கு 9 × 9 = 81, அதன் வர்க்கமூலம் 9. ஆக 27 வேண்டிய இடத்தில் 9 மணி போதும், அதுவும் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில். ஆகவே டாஸ்க்குக்கு டாஸ்க் மறைத்து மறைத்துக் கூட்டாமல், ப்ராஜெக்ட்டின் கடைசியில் வெளிப்படையாக ஒரு உபரியை வையுங்கள். ஒரு எச்சரிக்கை: ஒன்பது டாஸ்க்கும் ஒரே ஆளை, ஒரே சர்வரை, ஒரே வெளி டீமை நம்பியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. தப்பினால் எல்லாம் சேர்ந்தே தப்பும்.

மோசமான நிலையை யோசித்துச் சொல்லச் சொன்னால் போதும் என்றும் நம்பிவிடாதீர்கள். புஹ்லர், க்ரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் தங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி 33.9 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப் போனால் என்று கேட்டதற்கு 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். கெட்ட கனவைவிட நிஜம் நீளம்! இதற்குத் திட்டமிடல் மாயை என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் சொன்ன மருந்து, இந்த வேலையை உள்ளிருந்து பார்க்காமல் இதே மாதிரி முந்தைய வேலைகள் எவ்வளவு எடுத்தன என்று பார்ப்பது. மென்பொருளில் எஸ்டிமேட் போடுவதன் நிஜமான பலன் இங்கேதான் கிடைக்கிறது. இரண்டு மாதம் கழித்து முடிந்த டாஸ்க்குகளை இறக்கி, ஆன நேரத்தை முதல் எஸ்டிமேட்டால் வகுத்துப் பாருங்கள். சராசரி வேண்டாம், பூதம் போல நீண்ட ஒரே ஒரு டாஸ்க் அதைக் கெடுத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். திரை வடிவமைப்பில் 1.2, வெளி சிஸ்டத்தோடு இணைப்பதில் 2.1 என்று வகைக்கு வகை வேறாக வரும். அடுத்த முறை இணைப்பு வேலைக்கு யாராவது 10 மணி என்றால் நீங்கள் 21-க்கு இடம் ஒதுக்கலாம். ஜிராவிலிருந்து சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லில் திறக்கலாம்) இறக்கினால் நேரம் நொடியில் வரும், 12 மணி என்பது 43200 என்று இருக்கும், 3600-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கை ஆள்வாரியாகப் போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். போட்டால் அடுத்த மாதத்திலிருந்து எல்லோருடைய எஸ்டிமேட்டும் அற்புதமாகப் பொருந்தும், இரண்டு மடங்காக ஊதியிருக்கும், உங்களுக்கு எதுவும் தெரியாது.

ஸ்டோரி பாயிண்ட் பற்றிச் சுருக்கமாக: அது ஒரு வேலை இன்னொன்றைவிட எவ்வளவு பெரியது என்ற ஒப்பீடு. அதை வைத்து ஸ்பிரிண்ட் (ஓரிரு வார வேலைச் சுற்று) நிரப்பும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால் தொடருங்கள். ஒரு பாயிண்ட் என்றால் 4 மணி என்று பட்டியல் போடுவதாக இருந்தால் நேராக மணியிலேயே போட்டுவிடலாம், சுற்றி வளைப்பானேன்.

கடைசியாக, எக்செல்லிலிருந்து கொண்டுவந்த பழைய டாஸ்க்குகள். முடிந்தவற்றை அப்படியே விடுங்கள். பாதியில் நிற்பவற்றுக்கு இப்போது உட்கார்ந்து முதல் எஸ்டிமேட்டை நினைவிலிருந்து எழுதினால், எவ்வளவு ஆனதோ அதைத்தான் எழுதுவீர்கள். அதனால் பாதியில் நிற்பவற்றுக்கு மீதி நேரம் மட்டும் போடுங்கள். முதல் எஸ்டிமேட் தானாக நிரம்பிக்கொண்டால் அவற்றுக்கு "பழையது" என்று ஒரு லேபிள் ஒட்டி, இரண்டு மாதம் கழித்துப் போடும் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். இன்னும் தொடங்காதவற்றிலிருந்து புதிதாக ஆரம்பியுங்கள்.